கடைசியாக ஏறுகிறவர்

அன்று மாலை பெங்களூர் இசை விழாவில் பாட வேண்டிய இன்பராஜ், காலையில் ஏற்காட்டில் பெர்னார்டு மாஸ்டர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

கீழே ஏரிக்கரையில் வேன் தயாராக நின்றது. டிரம்ஸ், கிதார் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் செல்வம் ஏதோ பாட்டைப் பாடிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேனுக்குள் வேறு ஒருவரும் இல்லை. அதை எட்டிப் பார்த்த பிறகுதான் இன்பராஜுக்கு திடீரென்று குருபக்தி பொங்கியது.

‘எரிமலை’ என்ற அவர்களுடைய ராக் குழுவில் நான்கு பேர். நான்கு பேருமே மாஸ்டரிடம் கற்றவர்கள். வேனில் கடைசியாக ஏறுகிறவர்தான் குழுவில் பெரிய ஆள் என்பது அங்கே எழுதாத சட்டம். முதலில் ஏறுகிறவர் மற்றவர்களுக்கு இடம் பிடித்து வைக்கிற ஆள். பாடகன் போய் இடம் பிடிப்பதா?

பயமும் இல்லாமல் இல்லை. கல்யாண மண்டபங்களில் பந்திச் சத்தத்துக்கு நடுவே தொண்டை கிழியப் பாடிப் பாடி, நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த முதல் பெரிய மேடை இது. இதையும் கோட்டைவிட்டால் மறுபடி ரசம் வாசனையில்தான் பாட வேண்டும்.

மாஸ்டர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆசீர்வாதம் வாங்க வந்தேன் மாஸ்டர்.”

மாஸ்டர் அவன் தலையில் கை வைத்தார். “ஆச்சு. கிளம்பு.”

இன்பராஜ் கிளம்பவில்லை. கிளம்புவதற்கா வந்தான்?

“ஒரு சந்தேகம் மாஸ்டர். அறுபதுகள்ல உங்க ‘கறுப்புக் குடை’ குழுவை அடிச்சுக்க ஆளே இல்லை. ஆனா அப்ப நடந்த மூணு பெரிய விழாவுக்கும் நீங்க போகலை. ஏன்?”

“ஊர்ல என்ன சொல்றாங்க?”

“கலையைக் கூட்டத்துக்கு விக்க மாட்டோம்னு ஒதுங்கிட்டீங்களாம். நானே மேடையில சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கேன்.”

“அழகா இருக்கே. இது எங்களுக்குத் தோணாமப் போச்சு.”

மாஸ்டர் டீயை ஆற்றி நான்கு டம்ளர்களில் ஊற்றினார். இன்பராஜ் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். இருந்தது இரண்டே பேர்.

“முதல் விழாவுக்கு வேன் வந்துச்சு,” என்றார் மாஸ்டர். “கடைசியா ஏறணும்னு நான் வீட்டுலயே இருந்தேன். மத்த மூணு பேரும் அவங்கவங்க வீட்டுல இருந்தாங்க.”

இன்பராஜ் தொண்டையைச் செருமினான்.

“பொழுது சாஞ்சதும் டிரைவர் பொறுமையிழந்து தனியாப் போயிட்டான். அங்க ஜனங்க கூச்சல். யாராவது பாடணுமே, அவனே ஏறிப் பாடிட்டான்.”

“அய்யய்யோ! ரெண்டாவது விழா?”

“அதுக்கு நாலு பேருமே வேன்கிட்ட வந்துட்டோம். நீங்க ஏறுங்க, இல்ல நீங்க ஏறுங்கன்னு ஒரே உபசாரம். பார்த்தவங்க எங்க மரியாதையைப் பார்த்துக் கண் கலங்கிட்டாங்க. அதுக்குள்ள விழா முடிஞ்சுபோச்சு.”

“மூணாவது?”

“அதுக்கு எங்களைக் கூப்பிடலை. டிரைவரைக் கூப்பிட்டாங்க.”

இன்பராஜுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. மாஸ்டர் டீத் தட்டை அவன் கையில் கொடுத்தார்.

“உனக்கு ஒண்ணு எடுத்துக்கோ. மிச்சத்தைக் கொல்லைப்பக்கம் கொடுத்துடு.”

கொல்லைக் கதவைத் திறந்தான். பலா மரத்தடியில் டிரம்ஸ் மார்ட்டின் நின்றிருந்தான். துணி துவைக்கும் கல்லில் கீபோர்டு ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள். காப்பிச் செடிக்குப் பின்னால் கிதார் குணாளன் குந்தியிருந்தான். ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல மூவரும் மும்முரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீயுமா?” என்றாள் ஜெனிபர்.

“ஆசீர்வாதத்துக்கு வந்தேன்,” என்றான் இன்பராஜ். சொல்லும்போதே வெட்கத்தில் காது சுட்டது.

“நாங்களும் அதுக்குத்தான்.”

நால்வரும் டீயைக் குடித்தார்கள். நேரமாகிவிட்டது என்று நால்வருக்குமே தெரியும். போகலாம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். சொல்கிறவர் முன்னால் நடக்க வேண்டுமே.

கீழே ஹாரன் நீளமாக அலறியது. இன்னொரு முறை அலறியது. பிறகு கதவு சாத்தப்பட்டு, வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

காலி டம்ளர்களை வாங்க மாஸ்டர் கொல்லைக்கு வந்தார். சத்தம் மலைப்பாதையில் இறங்கித் தேய்கிற வரைக்கும் காது கொடுத்துக் கேட்டார்.

“அந்தப் பையன் செல்வம்,” என்றார், “நல்லாப் பாடுவானா?”