திருகுத் தண்டின் நான்கு பற்கள்

ஆனைகட்டி மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். படுக்கையோடு கிடக்கும் முதியவர்கள் முப்பது பேர் அங்கே இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அங்கே பூஜை, தியானம், எல்லாம். குரு அமராவதி அம்மாவுக்கு நாற்பது வயது. காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை அவர் சலவைக் கொட்டகையில் இருப்பார். ஞானம் கேட்டு எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் பீத்துணி நாற்றத்துக்கு நடுவில் நின்றுதான் கேட்க வேண்டும். பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடுவார்கள்.

நாச்சிமுத்து இறங்கவில்லை. வயது அறுபத்திரண்டு. கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் முப்பத்தைந்து வருடம் மெஷின்களைப் பழுதுபார்த்தவர். ஊரில் சண்டை போட ஆள் மிச்சமில்லாமல் போனபிறகு, மனசு அடங்கட்டும் என்று இங்கே வந்து சீடராகச் சேர்ந்தார். வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மனசு அடங்கிய பாடில்லை.

கொட்டகையில் இரண்டு பழைய வாஷிங் மெஷின்கள் இருந்தன. யாரோ ஒரு வெள்ளைக்காரர் நாட்டைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனவை. மேல் மூடியைத் திறந்து துணி போடுகிற ரகம். தொட்டிக்கு நடுவில் ஒரு தண்டு நின்று துணியை அலசும்.

ஒன்றில் அந்தத் தண்டு ஒரே துண்டு. சுற்றிலும் துடுப்பு வைத்தது, இடமும் வலமும் மாறி மாறி ஆடும். மற்றதில் தண்டு இரண்டு துண்டு. கீழ்த்துண்டு அதேபோல ஆடும். மேல்துண்டு திருகாணி மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றி, மிதக்கிற துணியைக் கீழே இழுத்துத் தள்ளும். அதற்குள்ளே சுண்டுவிரல் நகம் அளவில் நான்கு பிளாஸ்டிக் பற்கள். திருகு பின்பக்கம் திரும்பிவிடாமல் கடித்துப் பிடிப்பவை அவைதான்.

இரண்டில் எது உசத்தி என்று தெரியாமல் நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மில் புத்தி. கெட்டியான காடாத் துணியைத் துண்டு துண்டாகக் கிழித்து, மஞ்சள், டீ, கிரீஸ் என்று கறை ஏற்றி, இரண்டிலும் மூன்று வாரம் போட்டுப் பார்த்தார். திருகுத் தண்டுதான் ஜெயித்தது. கறை இருந்த இடமே தெரியவில்லை. தானே மெஷினைச் செய்ததுபோல அவருக்குப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்கு வந்து அந்த மெஷினை ஓட்டிவிட்டு மூடியைத் திறந்து பார்த்தார். கீழ்த்துண்டு ஆடியது. திருகு சும்மா நின்றது. கழற்றிப் பார்த்தார். நான்கு பற்களையும் காணோம். தேய்ந்து உடைந்ததல்ல, யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஏற்கெனவே அன்று அவர் கொதித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று வருடம் கழித்து மகள் பூங்கோதை வருகிற நாள் அது.

“எவன் இதுல கை வெச்சது?” தகரக்கூரை அதிரக் கத்தினார்.

துணி பிழிந்துகொண்டிருந்த குரு நிமிரவில்லை. “நாந்தானுங்கண்ணா.”

“நீங்களா? ஏனுங்க?”

“முந்தாநாள் ரங்காத்தாளோட சீலை அதுல சுத்திக் கிழிஞ்சு போச்சு. அந்தக் கெழவி நேத்திருந்து வாயில சோறு வெக்கலை. பல்லைப் புடுங்கிட்டேன்.”

“மூணு வாரம் போட்டுப் பாத்தனுங்கம்மா! ஒரு நூலு பிரியலை!”

“எந்தத் துணியில போட்டுப் பாத்தீங்க?”

“காடாத் துணி. புதுசு.”

“இங்க புதுத்துணி யாரு கட்டறாங்க?”

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. அதை ஒத்துக்கொள்கிற ஆளா அவர்? குரல்தான் இன்னும் ஏறியது.

“ஆடற தண்டு பாதி அழுக்கைத்தானுங்க எடுக்குது.”

“எடுக்கட்டும். அது போன பக்கத்துலிருந்து திரும்பி வருது. சுத்தின துணி தானா அவுந்துக்குது. இது திரும்பறதே இல்லை.”

“திரும்பினா எப்படிங்க அழுக்குப் போகும்? உள்ள இருக்கறது பூராவும் வெளிய வரோணும். வர்ற வரைக்கும் விடக் கூடாது!”

குரு இப்போதுதான் நிமிர்ந்தார். “துணியவா சொல்றீங்க?”

நாச்சிமுத்து பல்லைக் கடித்தார். இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். வந்த முதல் நாளே அவர் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார்.

மனைவி தெய்வானை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தாள். இனி நாலைந்து நாள்தான் தாங்கும் என்று டாக்டர் மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் அவரிடம் சொல்லவில்லை. அவர் எப்போதும்போல ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். கையில் ஸ்பேனரோடு மெஷினுக்கு அடியில் படுத்திருந்தபோது தெய்வானை செத்துப்போனாள். ஒரு வார்த்தை பேசக் கொடுத்துவைக்கவில்லை.

அதற்குப் பிறகு மகள் போன் செய்யும்போதெல்லாம் அதே கேள்விகள்தான். டாக்டர் என்றைக்குச் சொன்னார்? எத்தனை மணிக்கு? அம்மா என்ன சொன்னாள்? ஏன் மறைத்தாய்? மகள் கொஞ்சம் சொல்வாள், பிறகு அழுவாள், வைத்துவிடுவாள். இவர் விடாமல் திரும்பக் கூப்பிடுவார். ஒரு கட்டத்தில் அவள் எடுப்பதையே நிறுத்திவிட்டாள். போன வாரம்தான் கடிதம் வந்தது: ‘ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அப்பா. பழசு எதுவும் பேச வேண்டாம்.’

“பழசு பேச வேண்டாமாமுங்க! இன்னைக்கு மொத நாள்லயிருந்து கேக்கப் போறேன். ஒண்ணு விடாம அவ வாயால வரோணும். அப்பத்தான் என் மனசு வெளுக்கும்!”

குரு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “பல்லு இதுல இருக்கு. மாட்டுங்க.”

நாச்சிமுத்து மாட்டினார். குரு வெளியே போனதையோ திரும்பி வந்ததையோ அவர் கவனிக்கவில்லை. தண்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, குரு எதையோ தொட்டியில் போட்டு மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். மூடியிடுக்கில் ஊதா நிற முந்தானை தெரிந்தது.

தெய்வானையின் சீலை. அவர் கட்டிலில் விரித்துப் படுப்பது. ஆஸ்பத்திரியில் டானிக் கொட்டிய கறை இன்னும் அதில் இருந்தது.

“அம்மா! அதை எடுங்க!”

“கறை இருக்குங்கண்ணா.”

“இருந்துட்டுப் போகட்டும்!”

“பூராவும் வெளிய வரோணும்னீங்க.”

“நைஞ்சுபோன சீலைங்க அது! நார்நாராக் கிழிஞ்சுரும்!”

குரு முந்தானையை உள்ளே தள்ளி, மூடியை அழுத்திச் சாத்தி, குமிழைத் திருப்பினார். தொட்டிக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது. குறித்த மட்டத்துக்கு ஏறியதும் திருகு சுற்ற ஆரம்பிக்கும். அது எத்தனை நிமிடம் என்று நாச்சிமுத்துவைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

“நிறுத்துங்க! உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையா?”

குரு நகரவில்லை.

நாச்சிமுத்து அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். பிளக்கைப் பிடுங்கி வீசினார். மூடியைத் திறந்து, முழங்கை முங்கக் கைவிட்டுச் சீலையை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டார். சட்டை, வேட்டியெல்லாம் நனைந்து தண்ணீர் சொட்டியது.

“நீங்கெல்லாம் ஒரு குருவா?” தொண்டை கிழியக் கத்தினார். “செத்துப்போனவ சீலைங்க இது! எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்!”

“ஒண்ணுதானா?”

குருவின் முகமும் சிவந்திருந்தது. கோபத்தை அவர் மறைக்கவில்லை.

“நீங்க வந்ததிலிருந்து அந்தப் புள்ளை இங்க எட்டுத் தடவை போன் பண்ணியிருக்கு. அப்பாவுக்கு இருமல் நின்னுச்சா, சர்க்கரை எவ்வளவுன்னு எங்கிட்டக் கேட்டுக்கும். இரு அம்மணி, அவருகிட்டக் குடுக்கறேன்னா, வேண்டாங்க வேண்டாங்கன்னு பயந்து வெச்சுரும்.”

நாச்சிமுத்து சீலையை மெல்ல மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கொட்டகையிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். தோளில் பையோடு ஒருத்தி நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். கேட்டைத் திறந்துவிட்டாளே தவிர, உள்ளே கால் வைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்விடலாமா என்று யோசிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

மூன்று வருடமாக அடுக்கி வைத்திருந்த கேள்விகளை அவர் மனசுக்குள் தேடினார். ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. ஒன்றையும் எடுக்கப் பயமாக இருந்தது.

“அம்மா.” அவர் குருவின் பக்கம் திரும்பினார். “போயி அவகிட்ட நான் என்னத்தைங்க கேக்கறது?”

குரு தரையில் கிடந்த பிளக்கை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, ஆணியில் மாட்டினார்.

“எந்த பஸ்ஸுல வந்தேன்னு கேளுங்க.”