அரசர் கொட்டிய ‘உம்’

முன்னொரு காலத்தில் ஆம்பல்நாட்டைக் கோதண்டவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் மனசு நொடிக்கொரு தரம் மாறும். அவர் ஆசை ஆசையாகக் கட்டிய கலாசாலையில் அந்த வருஷம் பாதிப் பிள்ளைகள் பரீட்சையில் தேறவில்லை.

தலைமைப் பண்டிதர் விடங்கர், பிள்ளைகளுக்கு ஆர்வமே கிடையாது, அத்தனையும் களிமண் என்று சபையில் அடித்துச் சொன்னார். ராஜாவும் யோசிக்காமல், தேறாதவர்களை நாளைக்கே ஊருக்கு அனுப்பும்படி உத்தரவு போட்டுவிட்டார்.

அமைச்சர் நாச்சியம்மைக்கு அது சரியாகப் படவில்லை. எத்தனை வீட்டுக் கனவு! ராஜா தன்னிடம் யோசனை கேட்பதே பண்டிதருக்குப் பொறுக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் வாதாடவில்லை. அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு பாடத்தைச் சபை பார்க்க நடத்தட்டும், ராஜாவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கட்டும் என்றாள். கதை கேட்கிற மாதிரி, கேட்பவர்கள் ‘உம்’ கொட்டினால்தான் பண்டிதர் அடுத்த வரிக்குப் போக வேண்டும். பண்டிதருக்கு வாயெல்லாம் பல்.

குளத்து நீரை அளக்கும் பாடம். பண்டிதர் சுவடியிலிருந்து தலை நிமிராமல் சூத்திரம் சூத்திரமாக ஒப்பித்தார். பிள்ளைகள் ‘உம்’ என்றார்கள். ராஜாவும் ‘உம்’ என்றார். போகப்போக ராஜாவின் ‘உம்’ நீண்டு, மூக்கு வழியாக வர ஆரம்பித்தது. பண்டிதர் பாடத்தை முடித்துவிட்டு, அரசருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று மார்தட்டினார்.

“அரசே, குளத்தை எப்படி அளப்பது?” என்று கேட்டாள் நாச்சியம்மை.

ராஜா கண்ணைத் திறக்காமலே, “உம்” என்றார்.

சபை சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

“இப்போது சொல்லுங்கள் பண்டிதரே. அரசரும் களிமண்தானா?”

விடங்கர் சுவடியை மூடினார். “அப்படியானால் நீங்களே சொல்லிக்கொடுங்களேன், அமைச்சரம்மா” என்று முணுமுணுத்தார்.

அவள் ராஜாவை எழுப்பி, எல்லாரையும் அரண்மனைக் குளத்துக்கே கூட்டிப்போனாள். இந்தத் தண்ணீர் கோடை முடியும்வரை யானைகளுக்குக் காணுமா என்று மட்டும் கேட்டாள். கயிற்றைப் பிடித்து அளந்தார்கள், சண்டை போட்டார்கள். தடுமாறிய இடத்தில் அவள் சூத்திரத்தை எடுத்துக்கொடுத்தாள். வேட்டி நனைய நின்று விடையைக் கண்டுபிடித்த ராஜா, உத்தரவை அங்கேயே ரத்து செய்தார். கலாசாலையை நாச்சியம்மை பொறுப்பில் விட்டார். விடங்கர் இனிமேல் குளக்கரையில்தான் பாடம் சொல்ல வேண்டும் என்றார். விடங்கரும் கூச்சம் விட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

அடுத்த பரீட்சையில் பிள்ளைகள் எல்லாரும் தேறினார்கள். அவர்களோடு பாடம் கேட்டுப் பரீட்சையும் எழுதிய ராஜா மட்டும் தேறவில்லை.

“பாடம் நன்றாகத்தானே நடந்தது, பண்டிதரே?” என்றார் ராஜா.

“நன்றாகத்தான் நடந்தது, அரசே. நீங்கள்தான் வேட்டைக்குப் போய்விட்டீர்கள்.”

ராஜா முறைத்துப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து விடங்கருக்குப் போர்த்தினார். மறுநாள் விடங்கர் வருவதற்குள் ராஜா கரைக்கு வந்து, விட்டுப்போன பாடத்தைப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.