அழுங்குகள் சேர்ந்த பள்ளம்

ஒரு காட்டில் எதிரெதிரே இரண்டு மேடுகள், நடுவே ஒரு பள்ளம். ஒரு மேட்டில் சுருளன் என்ற அழுங்கு இருந்தான். எதிர் மேட்டில் உருளி என்ற அழுங்கு இருந்தாள். அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

அது அந்தக் காட்டுக் கழுதைப்புலிக்கு ரொம்ப வசதி. தனியாகச் சுருண்டு கிடக்கும் அழுங்கை மூக்காலேயே உருட்டிக் குகைக்குக் கொண்டுபோய்விடும். அப்புறம் அந்த அழுங்கை யாரும் பார்த்ததில்லை.

“நாம செதிலோடு செதில் கோத்துக்கிட்டா அவனால உருட்ட முடியாது. பள்ளத்துக்கு வா!” என்று கத்தினான் சுருளன்.

இருவரும் உருண்டார்கள். மேட்டில் இருப்பவர்களுக்கு உடம்புக்குள் ஒரு துறுதுறுப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் அதை நிலையாற்றல் என்பார்கள். இறங்க இறங்க அது வேகமாக மாறும். அடியில் ‘டணார்’ என்று மோதி, வந்த வேகத்திலேயே அவரவர் மேட்டுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தார்கள்.

“வேகம் போதலை,” என்றான் சுருளன். அசட்டுப் பயல்! இந்த முறை ஓடிவந்து உருண்டார்கள். மோதிய மோதலில் உருளி மேட்டையும் தாண்டி முள்புதரில் போய் விழுந்தாள். கழுதைப்புலி விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் புதரை நோக்கி நடந்தது. உருளி பதறியடித்துக்கொண்டு மேட்டின் உச்சிக்கு ஏறினாள்.

அப்போதுதான், இவர்கள் மோதியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் எருமை வந்து பள்ளத்துச் சேற்றில் படுத்தது. “ஏம்மா, அந்த வேகத்தை எங்கேயாவது கொட்டிட்டு வரக் கூடாதா?” என்றது கீழிருந்து.

“உங்க மேல கொட்டலாமா, பெரியப்பா?”

“கொட்டு. எனக்கு என்ன உறைக்கவா போகுது?”

உருளி எதிர் மேட்டுச் சுருளனுக்குக் குரல் கொடுத்தாள். இருவரும் உருண்டார்கள். எருமைக்கு நன்றாகவே உறைத்தது. இரண்டு விலாவிலும் இடி வாங்கி, வாலைத் தூக்கிக்கொண்டு காடு அதிர ஓடியது. அவர்களுடைய வேகமெல்லாம் அதோடு போயிற்று.

சுருளனும் உருளியும் துள்ளாமல் அக்கடா என்று பள்ளத்தில் கிடந்தார்கள். ரொம்ப நெருங்கினால் செதில் குத்தியது. விலகினால் சரிவு திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது. குத்தாத, விலகாத இடமாகப் பார்த்துக் கோத்துக்கொண்டார்கள்.

கழுதைப்புலி வந்து இழுத்தது. ஒருவரைப் பிரித்து மேடேற்ற வேண்டுமானால், எருமை கொண்டுபோன வேகம் அத்தனையையும் அது தன் கையிலிருந்து கொடுத்தாக வேண்டுமே! அதனிடம் ஏது அவ்வளவு? நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டது.

“துறுதுறுப்பே காணோமே,” என்றாள் உருளி.

“ஆமா. எவ்வளவு நல்லா இருக்கு!” என்றான் சுருளன்.

இரண்டு அணுக்கள் சேர்ந்து மூலக்கூறு ஆவதும் இப்படித்தான். அணுவானாலும் அழுங்கானாலும், கொண்டுவந்த வேகத்தைக் கொஞ்சம் இழக்கத் துணிந்தவர்களே சேர்ந்து நிலைக்கிறார்கள்.