மந்திரி வீட்டு மந்தை

குயவர் தெரு முத்தரசிக்கு மந்திரி இரண்டு அநியாயம் செய்தார். அவளுடைய சினைப்பசு மழைக்கு ஒதுங்கி, அவர் தொழுவத்தில் கன்று ஈன்றது. "எந்த வீட்டில் பிறந்ததோ அந்த வீட்டுக்கே சொந்தம்" என்று தீர்ப்பெழுதிக் கன்றை வைத்துக்கொண்டார். அது முதலாவது. அடுத்த மாதம் ஊரில் குளிர்காய்ச்சல் பரவியது. "கொசுவை வளர்ப்பதே குயவர்கள்தான். எட்டு நாளில் தெருவைக் காலி செய்யட்டும்" என்றார். அது இரண்டாவது.

முத்தரசியோ காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். கடிபட்டவள் மேலேயே குற்றமா?

சபையில் விண்ணப்பம் வாசிக்கும் வஞ்சிக்கொடிக்கு, முத்தரசி அனுப்பிய ஓலையைப் படிக்கும்போதே கோபத்தில் காது சிவந்தது.

"மந்திரியாரே, அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா?"

"மூக்கைப் பிடித்துக்கொண்டு போனேன். எங்கு பார்த்தாலும் பானை!"

"எல்லாம் கவிழ்த்து அடுக்கியவை. கொசு எங்கே முட்டையிடும், பானையின் முதுகிலா?"

சபை சிரித்தது. மந்திரி சிரிக்கவில்லை.

"வாயாடாதே! வேறெங்கே பிறக்கிறதாம்?"

"அரசே, அந்த எட்டு நாளை எனக்குக் கொடுங்கள். காட்டுகிறேன்."

அரசர் தலையசைத்தார்.

மந்திரி மாளிகை வாசலில் பன்னிரண்டு அல்லிச் சாடிகள். தண்ணீரைக் கொட்டினால் அதிர்ஷ்டமும் சேர்ந்து போய்விடும் என்று யாரையும் தொட விடமாட்டார். வஞ்சிக்கொடி அரண்மனைக் காவலனைச் சாட்சி வைத்து, ஒரு சாடியிலிருந்து கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் மொண்டாள். வாயை மெல்லிய துணியால் கட்டி, அரச முத்திரை வைத்து, சிம்மாசனத்தருகே நிறுத்தினாள்.

அரசர் தினமும் எட்டிப் பார்த்தார். முதல் நாள் புழு நெளிந்தது. பிறகு தலை பருத்துக் கூனிக்கொண்டது. எட்டாம் நாள் குடுவையைக் காதோரம் வைத்தார். "ஙொய்ய்!"

"அட, கொசு! மந்திரி, உம் வீட்டுத் தண்ணீரல்லவா இது?"

"எந்த வீட்டில் பிறந்ததோ அந்த வீட்டுக்கே சொந்தம்" என்றாள் வஞ்சிக்கொடி. "தீர்ப்பு அவருடையது, அரசே. அவருடைய மந்தைதான் ஊர் முழுக்க மேய்ந்திருக்கிறது."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குயவர்கள் எங்கும் போக வேண்டாம். சாடிகள் இன்றே கவிழட்டும். கன்று தாயிடம் போகட்டும். முத்தரசிக்கு வைத்தியச் செலவு மந்திரியுடையது!"

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன நியாயம் அரசே? ஒரு கொசுவையாவது நான் வா என்று கூப்பிட்டேனா? அவை தாமாக வந்து என் வீட்டில் பிறந்தவை!"

வஞ்சிக்கொடி ஓலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்:

"கன்றுக்கு மட்டும் பல்லக்கு அனுப்பியா வரவழைத்தீர்கள்?"