இருநூறு நாளும் வந்த பிள்ளை

நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். ஓர் இடத்தில் கதை நின்றுவிடும். அங்கே தீர்ப்பு உங்களுடையது.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் கலையரசி என்றொருத்தி இருந்தாள். கணவன் மோகனசுந்தரத்துக்குக் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் வேலை. எந்த ஊரில் காற்றாலை மக்கர் பண்ணுகிறதோ அந்த ஊருக்குக் குடும்பம் பெட்டி கட்ட வேண்டும். நான்கு வருஷத்தில் ஐந்து பள்ளிக்கூடம் மாறியதில், பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட டி.சி. வாங்குவதுதான் நன்றாகப் பழகிப்போயிற்று. கடைசியில் கலையரசி "போதும் சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மூன்று பேருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். மூத்தவள் இளவேனிலுக்குப் பத்து வயது, நடுவில் நன்மாறனுக்கு எட்டு, கடைக்குட்டி மகிழுக்கு ஏழு.

இது பிடிக்காத ஒரே ஆள் நாத்தனார் சகுந்தலா. ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தாறு வருஷம் வருகைப் பதிவேடும் விடுப்புக் கடிதமும் பார்த்தே மூக்குக்கண்ணாடி தடித்துப்போன அம்மாள்.

"வீட்டுப் பள்ளிக்கூடம்னா நெனச்சா நடக்கும், நெனச்சா நிக்கும்," என்று அவள் ஒரு ரிஜிஸ்டரைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். "இருநூறு நாள் நடத்திக் காட்டு. டீச்சர் முன்னால இருந்தாத்தான் வருகை. லீவு வாங்கினா லீவு. ஒரு புள்ளையாவது இருநூறும் வந்திருந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லைன்னா மூணு பேரும் ஈரோட்டுல என்ற வீட்டுல இருந்து படிக்கட்டும்."

அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாத மோகனசுந்தரம் தலையை ஆட்டிவிட்டான். பிள்ளைகள் இல்லாத வீட்டைக் கலையரசியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் வீம்புக்கு, "சரிங்க அண்ணி," என்றாள்.

அன்று முதல் தினமும் ஒன்பது மணிக்கு இட்லித் தட்டுகளை ஒதுக்கி மேசையைத் துடைப்பாள், பெயர் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே பிள்ளைகள் "உள்ளேன் அம்மா" என்பார்கள். மற்ற டீச்சர்களுக்கு அது மரியாதைச் சொல். இவளுக்கு உறவுமுறையும் அதுதான். ஒரு பக்கம் குக்கர் விசில், ஒரு பக்கம் வாய்ப்பாடு, நடுவில் பால்காரர் என்று பள்ளிக்கூடம் ஒரு நாளும் நிற்காமல் நடந்தது.

இருநூறாவது நாள் சகுந்தலா வந்து இறங்கினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். மூன்று பேருக்கும் சரியாக ஆளுக்கு ஒரு நாள் இடித்தது.

அறுபத்து மூன்றாம் நாள், வகுத்தல் கணக்குக்காகக் காலையிலேயே அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, இளவேனில் உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பெயர் கூப்பிட்டதும் உள்ளேயிருந்தே "உள்ளேன் அம்மா!" என்று கத்தினாள். சாயங்காலம்வரை கதவு திறக்கவில்லை.

"பேர் கூப்பிட்டப்ப பதில் சொன்னனே அத்தை!"

"குரல் வந்துச்சு கண்ணு, நீ வரலையே."

நூற்றுப் பத்தாம் நாள், நன்மாறன் விடியும் முன்பே அப்பாவோடு காற்றாலைக்குப் போய்விட்டான். தன் நிழலையும் காற்றாலையின் நிழலையும் அளந்து, அதன் உயரத்தைக் கண்டுபிடித்து, நாலு பக்கம் எழுதிக்கொண்டு இருட்டியபின் வந்தான்.

"அன்னைக்குத்தான் அத்தை நான் நெறையப் படிச்சேன்."

"படிச்சே, சரி. டீச்சர் முன்னால இருந்து படிச்சியா?"

நூற்று ஐம்பத்தெட்டாம் நாள் கலையரசிக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். இளவேனில் அம்மாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பெயர் கூப்பிட்டாள். நன்மாறன் உள்ளேன் என்றான். மகிழ் ஒரு தாளை நீட்டினாள்: "மதிப்பிற்குரிய டீச்சர் அம்மாவுக்கு, என் அம்மாவுக்குக் காய்ச்சல். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனவே ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." இளவேனில் பெரிய மனுஷி மாதிரி விடுப்புக்கு 'வி' என்று குறித்துக்கொண்டாள். மகிழ் நாள் முழுக்க அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினாள். தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று புரியாதபோது அம்மாவைக் கேட்டாள். அம்மாவும் கண்ணைத் திறக்காமலே சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் காய்ச்சல் விட்டதும் கடிதத்தைப் படித்த கலையரசி, கண்ணில் நீர் வரச் சிரித்து, அதை அப்படியே ரிஜிஸ்டருக்குள் செருகி வைத்தாள்.

"நான் லீவு லெட்டர் எழுதிட்டனுங்க அத்தை," என்று மகிழ் தானாகவே முன்வந்து சொன்னாள். கலையரசி, பிள்ளைகளை ஈரோட்டுக்கு அனுப்ப மூன்று பெட்டிகளை எங்கே வைத்தோம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். இருநூறு நாளும் வந்த பிள்ளை இந்த மூவரில் உண்டா? உண்டென்றால் யார்?

விடை: மகிழ். சகுந்தலா அந்தக் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "கையெழுத்து எங்க? டீச்சர் கையெழுத்துப் போடாத லீவு லீவே இல்லை. இவ லீவு கேட்டிருக்கா, வாங்கலை!" அப்படியானால் மகிழ் அன்று எங்கே இருந்தாள்? இளவேனில் நடத்திய வகுப்பில் டீச்சர் இல்லை. டீச்சர் கட்டிலில் கிடந்தாள்; அவள் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து பாடம் கேட்ட ஒரே மாணவி மகிழ். சகுந்தலா 'வி'யை அடித்துவிட்டு வருகை போட்டாள். இருபத்தாறு வருஷச் சட்டத்தைத் தன் கையாலேயே தனக்கு எதிராக எழுதிவிட்டு, "இருநூத்துக்கு இருநூறு," என்று வாயை மூடிக்கொண்டாள். கலையரசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, நாளையிலிருந்து பத்து நாள் விடுமுறை என்று அறிவித்தாள். வீடே அதிர்ந்தது. மகிழுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டா, நாம எங்கம்மா போறது?"