மன்னர் பாதி, தளபதி மீதி

கருவேலங்கோட்டை மன்னர் சேந்தமாறனுக்குப் பேச்சில் ஒரு சோம்பல். எதையும் பாதிதான் சொல்வார். ஒரே ஒரு சொல்லை அழுத்திவிட்டு, மிச்சத்தைக் கையசைப்பில் விட்டுவிடுவார். முடிப்பதெல்லாம் மற்றவர்கள் பாடு.

முடித்து வைப்பவர் தளபதி மழவராயர். அவர் முடித்தால் வெட்டு, கட்டு, உதை என்றுதான் முடியும். நான் அப்படியா சொன்னேன் என்று மன்னரும் கேட்கமாட்டார். கேட்டால் கௌரவம் என்னாவது?

ஒருநாள் காலை, கொட்டுகிற மழையில் பட்டத்து யானையோடு வந்து நின்றான் பாகன் இருளாண்டி. மாடத்திலிருந்து பார்த்த மன்னர், "அவன் தலையை..." என்றார். தலை என்ற சொல்லில் ஒரு அழுத்து. அதோடு உள்ளே போய்விட்டார்.

மழவராயருக்கோ தன் மச்சானைப் பாகனாக்கிவிட வெகுநாள் ஆசை. வெட்டச் சொல்லிவிட்டார் என்று முடித்தார். பாகனைக் கட்டிப்போட்டு, மன்னர் சாப்பிட்டு எழுந்ததும் வெட்டு என்று நேரமும் குறித்தார்.

இருளாண்டியின் பெண்சாதி கைப்பிள்ளையோடு ஓடிவந்து அமைச்சர் அம்பலவாணரிடம் அழுதாள். அவருக்கும் மனசு பதறியது. ஆனால் நேரே போய்க் கேட்டால், ராஜ ஆணையை எதிர்த்தார் என்று அவரையும் சேர்த்துக் கட்டிவிடுவார் தளபதி.

இலை போட்டாயிற்று. அமைச்சரும் தளபதியும் பக்கத்தில் நின்றார்கள். பசியோடு உட்கார்ந்த மன்னர், "சீக்கிரம், என் வயிற்றை..." என்றார். வயிறு என்ற சொல்லில் ஒரு அழுத்து.

அம்பலவாணர் வாசல் காவலர்களைக் கூப்பிட்டார். "வாளை உருவுங்கப்பா. பிரபு உத்தரவு."

மன்னர் கையிலிருந்த அப்பளம் நொறுங்கிவிட்டது. "என்னய்யா இது?"

"காலையில் 'தலையை'ன்னு அழுத்தினீங்க பிரபு, வெட்டுன்னு தளபதியார் முடிச்சார். இப்போ 'வயிற்றை'ன்னு அதே மாதிரி அழுத்துறீங்க. வேற எப்படி முடிக்கிறது?"

"நிரப்பச் சொல்ல வந்தேன்யா."

"அப்போ தலையை?"

"துவட்டச் சொல்ல வந்தேன். சொட்டச் சொட்ட நிற்கிறானே, சளி பிடிக்குமேன்னு சொல்ல வந்தேன்."

பிறந்ததிலிருந்து அவர் முழுசாகப் பேசியது அன்றைக்குத்தான். இருளாண்டியின் கட்டை அவிழ்த்தார்கள். ஒரு துண்டும் கொடுத்தார்கள்.

மன்னர் மெல்லத் திரும்பினார். "மழவராயரே, உம்மை..."

நன்றாக அழுத்தினார். அங்கேயே நிறுத்திவிட்டார். காவலர்கள் இன்னும் வாளை உறையில் போடவில்லை. தளபதிக்கு மீசைவரை வியர்த்துவிட்டது.

"மன்னிச்சுட்டீங்க பிரபு" என்று அவரே முடித்துக்கொண்டார்.

சிரித்த சிரிப்பில் மன்னருக்குப் புரையேறிவிட்டது.