ஆள்காட்டிக்குப் பெயர் வந்த விதம்

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் வாய்விட்டுப் பேசித் திரிந்த நாளில், யாருக்கும் பெயர் கிடையாது. ஏரிக்கரையில் உட்கார்ந்து ஆமைதான் எல்லோருக்கும் பெயர் கொடுத்தது. தன் முறை வரும்வரை சும்மா நின்றவர்களுக்கு மயில், கிளி என்று நல்ல பெயராகக் கிடைத்தது. சும்மா நிற்க முடியாமல் எதையாவது செய்தவர்களுக்குச் செய்த வேலையே பெயராக ஒட்டிக்கொண்டது. பொழுது போகாமல் பட்டமரத்தைக் கொத்தியவன் மரங்கொத்தி ஆனான். அதன்பிறகு ஆயுசுக்கும் அதுதான் அவன் பிழைப்பு.

இதைப் பார்த்து அரண்டுபோய் வரிசையின் கடைசியில் நின்றது, கண்ணோரம் சிவப்புத் தோல் தொங்கும் ஒரு பறவை. மரக்கிளையைப் பிடிக்க அதன் காலுக்கு வராது. வெறுந்தரையில்தான் முட்டை இடும். அன்றும் பக்கத்திலேயே, சரளைக் கற்களோடு கற்களாக, அதன் முட்டைகள் கிடந்தன.

தனக்கு வேலை எதுவும் வேண்டாம், சத்தம் போடாமல் இருந்தால்தான் குஞ்சு பொரிக்க முடியும் என்று அது காலையிலேயே ஆமையிடம் கெஞ்சியிருந்தது. ஆமையும் மனமிரங்கி, 'பவளம்' என்ற பெயரை அதற்கென்று எடுத்து வைத்திருந்தது.

அப்போதுதான் கோரைப்புல்லுக்குள்ளிருந்து வலையோடு ஒருவன் வந்தான். எல்லோரும் ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற பறவை மட்டும் அவனைக் கண்டது. கத்தினால் பவளம் போய்விடும், முட்டைகளும் தப்பாது. கத்தாவிட்டால் முன்னால் நிற்கும் அத்தனை பேரும் வலைக்குள் போவார்கள்.

கத்திவிட்டது. கூட்டம் சிதறிப் பறந்தது. வெறுங்கையோடு நின்றவன் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். பறவை தூரமாக ஓடிப்போய் அங்கிருந்து மறுபடியும் கத்த, அவன் அதன் பின்னாலேயே வெகுதூரம் போய், கடைசியில் அலுத்துத் திரும்பினான்.

சாயங்காலம் ஆமை தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டியது. "ஆளைக் காட்டிட்டியே தாயி. இனிமே உன் பேரு ஆள்காட்டிதான். என்னால மாத்த முடியாது."

"நான் முட்டை மேல உட்கார்ந்திருக்கும்போது ஆள் வந்தா?"

"அப்பவும் காட்டித்தான் ஆகணும்."

பறவை தன் முட்டைகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கேட்டது: "எங்க நின்னு காட்டணும்னு ஏதாவது இருக்கா அண்ணே?"

ஆமை யோசித்துப் பார்த்தது. அப்படி ஒன்றும் இல்லை.

அன்று முதல்தான், ஆள் வாடை பட்டதும் ஆள்காட்டி தலையைத் தாழ்த்திக்கொண்டு சத்தமில்லாமல் ஓடி, தொலைவில் போய் நின்று கத்துகிறது. ஊரையே எழுப்பிவிடும் அந்தப் பறவை, தன் முட்டை கிடக்கும் இடத்தில் மட்டும் வாயைத் திறப்பதே இல்லை.